அசாசின்ஸ் க்ரீட் எந்தப் பக்கம் போகிறது? ஷேடோஸுக்குப் பிறகு ஒரு விவாதம்

வைக்கோல்_வண்டி (இழையைத் தொடங்கியவர்)

அசாசின்ஸ் க்ரீட் கேம் தொடரில் ஜப்பானில் நடக்கிற ஷேடோஸ் வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே சண்டைதான். லெவல் ஏற்றி விளையாடுகிற ஆர்பிஜி வேண்டுமா, ஒளிந்திருந்து கொல்கிற பழைய ஸ்டெல்த் வேண்டுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை என்பது என் கட்சி. தொடரில் கெட்டுப்போனது வேறு.

2007இல் வந்த முதல் கேமை நினைத்துப் பாருங்கள். நாயகன் அல்தாயிருக்குக் கொல்ல மொத்தம் ஒன்பது பேர்தான். ஜெருசலேம், ஏக்கர், டமாஸ்கஸ் என்று மூன்று ஊர். ஒவ்வொருவனையும் நெருங்குவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்க வேண்டும், ஜேப்படி அடிக்க வேண்டும், ஒருத்தனைச் சந்துக்குள் தள்ளி நாலு போட்டு வாயைத் திறக்கவைக்க வேண்டும். நாலாவது ஆளுக்கே அலுப்புத் தட்டிவிடும், அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் பீரோ என்கிற அசாசின்களின் ரகசிய அலுவலகத்தில் அந்த வெள்ளை இறகைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, யாரைக் கொல்லப்போகிறோம், அவன் என்ன அநியாயம் செய்தான், எந்த வாசலில் எத்தனை காவல் என்று எல்லாம் தலைக்குள் இருக்கும். அந்த ஒரு கொலைக்காகத்தான் முழு ஊரும் கட்டப்பட்டிருந்தது.

வைக்கிங் கதையான வல்ஹாலாவுக்கு வாருங்கள். கொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் நாற்பது பேருக்கு மேல். நடுரோட்டில் குதிரையில் வந்த ஒருத்தன் வம்புக்கு இழுத்தான், வெட்டிப்போட்டேன். அவன் எதிரிக் கூட்டத்தின் ஜீலட் வீரன், இன்ன பேர்க்காரன் என்பது மெனுவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. பழைய கிரேக்கத்தில் நடக்கிற ஒடிஸியிலும் கல்ட் என்கிற ரகசியக் கூட்டத்தின் பட்டியல் இதே நீளம், இதே கதை.

ஆர்பிஜி ஆனதில் எனக்கு வருத்தமில்லை. முன்னால் ஒரு கொலையைச் சுற்றி கேமைக் கட்டினார்கள். இப்போது மேப்பைக் கட்டிவிட்டு, அதில் கொலைகளைத் தூவுகிறார்கள். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கூரைமேல்_நான்

அண்ணே பாதி சரி. மீதி பாதி கால்ல இருக்கு. சுவர் ஏறி, கூரை தாவுற பார்க்கூரைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதலையே நீங்க.

ரெண்டாம் பாகத்து நாயகன் எட்ஸியோ காலத்துல ஒரு கோபுரம் ஏறணும்னா கீழே நின்னு அண்ணாந்து பார்க்கணும். எந்த விளிம்பு கைக்கு எட்டும், எங்க சுத்திப் போகணும்னு சுவரைப் படிக்கணும். 2014ல யூனிட்டி வந்தப்போ மேலே ஏற ஒரு பட்டன், கீழே இறங்க ஒரு பட்டன்னு பிரிச்சான் பாருங்க, நாலு மாடியிலிருந்து ஜன்னல் கம்பி, பால்கனி, வளைவுன்னு வழுக்கிட்டு இறங்குறது இன்னிக்கு வரைக்கும் வேற எந்த கேம்லயும் கிடையாது. 2017ல வந்த ஆரிஜின்ஸ்லயிருந்து எந்தப் பாறையா இருந்தாலும் ஒரே பட்டனை அமுக்கிப் பிடிச்சா பல்லி மாதிரி ஏறிடலாம். எங்க வேணா ஏறலாம்னு ஆனப்புறம் எங்க ஏறுறதுன்னு யோசிக்க என்ன இருக்கு?

ஷேடோஸ்ல கொஞ்சம் திருந்தியிருக்காங்க. எல்லாச் சுவத்துலயும் ஏற முடியாது, கொக்கிக் கயிறு வேணும். ரிலீசுக்கு அப்புறம் வந்த பேட்ச்லயும் பார்க்கூரைத் தொட்டிருக்காங்க. ஆனா மேப்ல பாதி காடும் சரிவும். ஷினோபி நாயகி நாவோயே அழகா ஓடுறா, ஓடுறதுக்குக் கூரைதான் இல்ல.

கெஃபலோனியாக்காரி

எனக்கு முதல் கேமே ஒடிஸிதான். அதால பழைய ஆக்கள் எல்லாரும் சேர்ந்து அதைத் திட்டுறதை வாசிக்கேக்க கொஞ்சம் சிரிப்பாவும் இருக்கு, கொஞ்சம் கோவமும் வருது.

அண்ணை, நீங்கள் சொல்ற அந்தக் கனம் கொலையில மட்டும்தான் வரவேணுமே? கெஃபலோனியா எண்ட தீவில, கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு இடம் வரும். ஊரில நோய். ஒரு குடும்பத்தைக் கொல்லப்போறம் எண்டு பூசாரிமார் நிக்கினம். பிள்ளையளும் நிக்குதுகள். ஆர்தான் விடுவினம்? நானும் தடுத்தன். பூசாரியளை அடிச்சுத் துரத்தி, நல்ல காரியம் செய்தன் எண்டு நினைச்சுக்கொண்டு கப்பல் ஏறிப் போயிட்டன். பிறகு எப்பவோ திரும்பி வந்து பார்த்தா தீவு முழுக்கப் பிணம். அந்தக் குடும்பத்தால நோய் பரவிட்டுது. கேம் எனக்கு ஒரு எச்சரிக்கையும் தரேல்ல, திட்டவும் இல்ல.

ஒன்பது பேரைக் கொல்றதுக்கு முதல் பெஞ்சில இருந்து ஒட்டுக்கேட்டதை விட அந்த ஒரு சைட் குவெஸ்ட் எனக்குப் பெரிசு. டயலாக் தெரிவு, ஆர்பிஜி எல்லாம் இல்லாட்டி அது வந்திருக்காது.

ஷிஃப்ட்_முடிஞ்சு

கெஃபலோனியாக்காரி சகோ சொன்ன குவெஸ்ட் எனக்கும் பிடிக்கும். ஆனா அதே ஒடிஸிலதான் லெவல் பத்தலைன்னா தூங்குறவன் கழுத்துல ஈட்டியைச் சொருகினாலும் பாதி உயிரோட எழுந்து நின்னு திருப்பி அடிப்பான். அந்த லெவலை ஏத்த நேரமில்லையா, லெவலை வேகமா ஏத்துற எக்ஸ்பி பூஸ்டர் கேமோட கடையில காசுக்குக் கிடைக்கும்னு வச்சிருந்தான். முழு விலை கொடுத்து வாங்கின கேம்ல.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் கிடைக்கும் எனக்கு. வல்ஹாலா மெயின் கதை மட்டுமே கிட்டத்தட்ட 60 மணி நேரம். ஒவ்வொரு ஊரா போய் ராஜாவை மாத்தி, விருந்து சாப்பிட்டு, நம்ம குடியிருப்புக்குத் திரும்ப வந்து ரான்ட்விங்கிறவகிட்ட சொல்லி, அடுத்த ஊர். மூணு ஊருக்கு அப்புறம் எந்த ஊர்ல எந்த ராஜான்னு குழம்பிடுச்சு.

மிராஜ்தான் எனக்குச் சரி. 2023, பாக்தாத், ஒரே நகரம், பாஸிம். வல்ஹாலாவுக்கு டிஎல்சியா, அதாவது கூடுதல் பகுதியா ஆரம்பிச்சு தனி கேமா வளர்ந்தது. விலையும் குறைச்சு வச்சாங்க. முடிக்க முடிஞ்சது, அதுவே பெரிய விஷயம்.

டெஸ்மண்ட்_விசுவாசி

யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். இந்தத் தொடருக்கு ஒரு கதை இருந்தது. ஞாபகமிருக்கிறதா?

முன்னோரின் நினைவுக்குள் கொண்டுபோகிற அனிமஸ் இயந்திரம், அதில் படுத்திருந்த இன்றைய ஆள் டெஸ்மண்ட் மைல்ஸ், உலகத்துக்கே ஆபத்து என்ற 2012 டிசம்பர் 21. முதல் கேமிலிருந்து அந்தத் தேதியை நோக்கி நடந்தோம். அதே வருஷம் வந்த மூன்றாம் பாகத்தில் டெஸ்மண்டைக் கொன்றார்கள். சரி, அடைபட்டுக் கிடந்த பழங்கால இனத்துக்காரி ஜூனோ வெளியே வந்துவிட்டாள், பெரிய வில்லி, அடுத்து என்ன என்று காத்திருந்தோம். அவளுடைய முடிவு எங்கே வந்தது தெரியுமா? காமிக்ஸில். கேம் மட்டும் விளையாடியவனுக்கு அவள் செத்ததே தெரியாது. பிறகு புது நிகழ்கால நாயகி லைலா ஹசன் வந்தாள், மூன்று கேம் இழுத்தார்கள், அவளையும் முடித்தார்கள். ஷேடோஸில் நிகழ்காலக் கதை என்று ஏதோ இருக்கிறது, மெனுவில் தேடிப்பிடித்துப் படிக்க வேண்டும்.

எட்ஸியோவைக் கொண்டாடுகிறவர்கள், அவன் வாழ்க்கையை யார், எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அது இருந்தவரை ஒவ்வொரு கேமும் அடுத்ததற்குப் பாலம். இப்போது ஒவ்வொன்றும் ஒரு தனிச் சுற்றுலா.

கூரைமேல்_நான்

@டெஸ்மண்ட்_விசுவாசி ஓடிட்டே இருக்கும்போது கூரையிலிருந்து பிடுங்கி ஆபீஸ் காரிடார்ல நடக்க விட்டதை மிஸ் பண்ற ஒரே ஆள் நீங்கதான் சார்.

டெஸ்மண்ட்_விசுவாசி

தெரியும். பேரிலேயே போட்டிருக்கிறேனே.

புலிக்கொடி_87

இதெல்லாம் விடுங்க. சோழர் காலத்துல ஒரு பாகம் எடுத்தா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும். கப்பல் இருக்கு, கோபுரம் இருக்கு, ஒற்றர் படை இருக்கு.

ஷிஃப்ட்_முடிஞ்சு

வந்துட்டார்யா. எந்த இழையா இருந்தாலும் ரெண்டாம் பக்கத்துக்குள்ள சோழர் வந்துடுவார். 2016ல க்ரானிக்கல்ஸ் இந்தியா வந்தது ப்ரோ, 1841, சீக்கியப் பேரரசு, அர்பாஸ் மிர். பக்கவாட்டுல ஓடுற சின்ன கேம். எத்தனை பேர் வாங்கினீங்க?

நெறியாளர்

சோழருக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும். அதேபோல ஷேடோஸின் இன்னொரு நாயகன் யாசுகே சாமுராயா இல்லையா என்ற சண்டையை இங்கே யாரும் தொடங்க வேண்டாம். ஜப்பானியப் போர்த்தலைவர் நோபுநாகாவிடம் அப்படி ஒருவர் பணியில் இருந்தது வரலாறு. மீதியைப் பேச வேறு இடம் பாருங்கள். ஏற்கெனவே மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வைக்கோல்_வண்டி

யாசுகே யார் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கேமுக்குள் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

நாவோயே இருட்டில் தவழ்கிறாள், விளக்கை அணைக்கிறாள், கூரையில் ஓடுகிறாள். யாசுகே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். இரண்டும் தனித்தனியாக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான இலக்குகளுக்கு இரண்டு பேரில் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். அப்படியென்றால் கோட்டையைக் கட்டுகிறவன் என்ன செய்வான்? நாவோயேவுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு நுட்பமான வழியை அங்கே வைக்க முடியாது, யாசுகேவுடன் வந்தவன் மாட்டிக்கொள்வான். அதனால் பொதுவாக ஒரு கோட்டை, நாலு பக்கமும் வாசல், உள்ளே ஒரு ஆள், எப்படியாவது கொல் என்று விட்டுவிடுகிறார்கள்.

யூனிட்டியில் சிவெர்ட்டைக் கொன்ற மிஷனை இதோடு வைத்துப் பாருங்கள். நோத்ர்தாம் தேவாலயத்தின் உள்ளே ஆள். சாவியைத் திருடி வழி திறக்கலாம். இல்லையென்றால் சிவெர்ட் சந்திக்க வந்திருக்கிற துஷனோவை முதலில் தீர்த்துவிட்டு, பாவசங்கீர்த்தனக் கூண்டில் அவனுடைய இடத்தில் நாம் போய் உட்காரலாம். சிவெர்ட் தானாக வந்து பக்கத்தில் மண்டியிடுவான். நடுவில் ஒரு மரத்தடுப்புதான். கத்தி அதன் வழியாகவே போகும். அந்தக் கூண்டு அந்தக் கொலைக்காகவே அங்கே இருந்தது. ஷேடோஸில் அப்படி ஒன்று சொல்லுங்கள்.

நிழல்_தின்னி

சொல்றேன். ஷேடோஸை இவ்வளவு கீழ இறக்காதீங்க.

மழை ராத்திரி, ஏதாவது ஒரு கோட்டைக்கு நாவோயேவோட போங்க. முதல்ல வெளி மதில்ல படுத்துக்கிட்டே நகரணும், இந்தத் தொடர்ல முதல் தடவையா தரையோட தரையா தவழ முடியுது. உள்ளே காகிதக் கதவுக்குப் பின்னால விளக்கு. ஆளோட நிழல் அந்தக் காகிதத்துல விழுது, அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான்னு நிழலை வச்சே சொல்லலாம். ஷுரிகன்ங்கிற எறிதகட்டை எறிஞ்சு விளக்கை அணைச்சா அவன் சந்தேகப்பட்டு வருவான். கதவு வழியாவே குத்திடலாம். குளத்துல மூழ்கி மூங்கில் குழல்ல மூச்சு விட்டுக்கிட்டு காவல் போறவரைக்கும் காத்திருக்கலாம். அதே கோட்டைக்குக் குளிர்காலத்துல திரும்பி வந்தா குளம் உறைஞ்சு கிடக்கும், அந்த வழி அடைஞ்சிடும்.

ஒவ்வொரு கோட்டையிலயும் டைஷோங்கிற காவல் சாமுராய்கள் இருப்பாங்க, அவங்களை எல்லாம் முடிச்சாதான் பரிசுப் பெட்டி திறக்கும். கூண்டு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா யூனிட்டியில கூண்டை டிசைனர் வச்சான், நீங்க போய் உட்கார்ந்தீங்க. இங்க வழியை நான் உண்டாக்கறேன். எனக்கு இதுதான் பெரிய ஸ்டெல்த்.

இன்னொண்ணு, முந்தைய கேம்கள்ல உளவு பார்த்த பறவையை எடுத்துட்டாங்க. மேலே பறந்து எல்லாரையும் குறி வைக்கிற சோலி இல்ல. ஆள் அனுப்பித் தேடணும், இல்ல துப்பை வச்சு நாமே போய்ப் பார்க்கணும். நீங்க கேட்ட அந்தப் பழைய விசாரணை வேலை, வேற உருவத்துல.

வைக்கோல்_வண்டி

கோட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்த இருட்டு அபாரம். நான் தேடுவது இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளை. டைஷோ ஒருத்தன் பேரைச் சொல்லுங்கள்.

நிழல்_தின்னி

பேர் எதுக்கு? தலைக்கு மேல சின்னம் இருக்கே.

வைக்கோல்_வண்டி

அதைத்தானே சொல்கிறேன்.

சந்து_முனை

ஒரு சின்ன யோசனை. வல்ஹாலாவிலும் ஷேடோஸிலும் செட்டிங்ஸ் உள்ளே போனால் ஹிடன் பிளேட் என்கிற மறைகத்தி எந்த லெவல் ஆளையும் ஒரே குத்தில் கொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஷேடோஸில் கேனன் மோடும் உண்டு, டயலாக் தெரிவெல்லாம் தானாகவே நடக்கும், கதை பழைய கேம் மாதிரி நேராகப் போகும். இரண்டையும் போட்டுவிட்டு விளையாடுங்கள், பாதிச் சண்டை தீர்ந்தது. ஆர்பிஜி பிடித்தவர்களுக்கு ஆர்பிஜி, மற்றவர்களுக்கு இது. இதில் யாருக்கு என்ன நட்டம்?

வைக்கோல்_வண்டி

நட்டம் இருக்கிறது. ஒளிந்திருந்து கத்தியால் குத்தினால் ஆள் சாவான் என்பது தொடரின் அடிப்படைச் சட்டம். அது செட்டிங்ஸில் ஒரு டிக் என்றால், கேமைக் கட்டியவர்கள் அந்தச் சட்டத்தை நம்பிக் கட்டவில்லை என்று அர்த்தம். டிக் போட்டுவிட்டு விளையாடினேன். ரொம்பச் சுலபமாகிவிட்டது. காவலர்களை எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போட்டவன், அவர்கள் ஒரே குத்தில் சாகமாட்டார்கள் என்று நினைத்தே போட்டிருக்கிறான்.

கெஃபலோனியாக்காரி

அடிப்படைச் சட்டம் எண்டு சொல்றியள். அப்ப ப்ளாக் ஃப்ளாக்? இஞ்ச ஆரைக் கேட்டாலும் 2013 கேம்தான் தங்கம் எண்டுவினம். எட்வர்ட் கென்வே ஒரு கடற்கொள்ளைக்காரன். அவன் போட்டிருக்கிற அசாசின் அங்கியே செத்த ஒருத்தனிட்ட இருந்து எடுத்தது. கேமின்ர பெரும் பகுதி கப்பலும் பீரங்கியும் பாட்டும். ஸ்டெல்த் எண்டு பார்த்தா ஆளுக்குப் பின்னால நடந்துபோய் ஒட்டுக்கேக்கிற மிஷன், அதை எல்லாரும் திட்டுறவை. அதை ஒருத்தரும் இது அசாசின்ஸ் க்ரீட்டே இல்லை எண்டு சொல்றேல்ல. ஒடிஸி நாயகி கசாண்ட்ரா வந்து அதையே செய்தா மட்டும் தொடர் நாசமாப் போச்சு.

கூரைமேல்_நான்

இது அடி. பதில் சொல்லுங்க அண்ணே.

வைக்கோல்_வண்டி

எட்வர்டின் கதை முழுக்க அந்த அங்கியைப் பற்றியதுதான். தகுதியில்லாமல் போட்டுக்கொண்டவன், நண்பர்கள் ஒவ்வொருத்தராகப் போன பிறகுதான் அது என்ன என்று புரிந்துகொள்கிறான். ஒடிஸியில் அந்தப் பேச்சே கிடையாது, அசாசின்கள் தோன்றுவதற்கு நானூறு வருஷத்துக்கு முந்தைய கதை. நல்ல கேம் இல்லை என்று நான் சொல்லவில்லை, வேறு பேர் வைத்திருந்தால் நானும் கொண்டாடியிருப்பேன்.

கெஃபலோனியாக்காரி

வேற பேர் வச்சிருந்தா ஒருத்தரும் காசு போட்டு அந்தளவு பெரிய கிரேக்கத்தைக் கட்டியிருக்க மாட்டினம்.

ஷிஃப்ட்_முடிஞ்சு

சகோ சொன்னதுல வியாபாரம் இருக்கு பாருங்க, அதை விட்டுட்டு இதைப் பேச முடியாது. 2009லயிருந்து வருஷத்துக்கு ஒண்ணு. 2014ல ஒரே நாள்ல ரெண்டு, யூனிட்டியும் ரோகும். யூனிட்டியில ஒரு பிழையால முகமே இல்லாம கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த அந்தப் படம் உலகம் பூரா ஓடுச்சு, கம்பெனி மன்னிப்புக் கேட்டு டிஎல்சியை இலவசமா கொடுத்தது. 2016ல பெரிய கேம் வரலை, 2017ல ஆரிஜின்ஸ். இன்னிக்கு யூனிட்டியைக் கொண்டாடுறோம், அன்னிக்கு நாமதான் கிழிச்சோம்.

ஷேடோஸும் 2024 நவம்பர்னு சொல்லி, பிப்ரவரின்னு தள்ளி, கடைசியில 2025 மார்ச் 20க்கு வந்தது. தள்ளினது நல்லதுன்னுதான் சொல்லுவேன், வந்தப்போ உருப்படியா ஓடுச்சு. ஒரு வாரத்துல 30 லட்சம் பேர் விளையாடினாங்கன்னு அறிவிச்சாங்க. எத்தனை வித்ததுன்னு சொல்லலை, எத்தனை பேர் விளையாடினாங்கன்னு மட்டும். அப்புறம் சீனக் கம்பெனி டென்சென்ட் பணம் போட்டு, இந்தத் தொடரையும் இன்னும் ரெண்டையும் சேர்த்துத் தனி நிறுவனமாப் பிரிச்சாச்சு. நூறு கோடி யூரோவுக்கு மேல போட்டவன் ஒன்பது பேரைக் கொல்ற சின்ன கேம் கேப்பானா?

டெஸ்மண்ட்_விசுவாசி

கேட்கமாட்டான். ஆனால் ஹெக்ஸ் என்று குறிப்பெயர் வைத்து 2022இலேயே ஒன்றைக் காட்டினார்களே. குச்சிகளைக் கட்டி வைத்த மாதிரி ஒரு சின்னம், பின்னால் இருட்டு, வேறொன்றுமில்லை. ஷேடோஸ் மாதிரிப் பெரிய ஆர்பிஜி இல்லை, வேறு வகை என்றார்கள். என் நம்பிக்கையெல்லாம் அதில்தான்.

நிழல்_தின்னி

மிராஜ் வந்தப்பவும் இதையேதான் சொன்னோம். பழசுக்குத் திரும்பறாங்கன்னு. வந்து பார்த்தா வல்ஹாலாவோட உடம்புல மிராஜ் சட்டை. நம்மைத் தேடுற போஸ்டரைக் கிழிச்சு கெட்ட பேரைக் குறைக்கிறது, கூட்டத்துல ஒளியறது எல்லாம் இருந்தது. ஆனா அஞ்சு பேரைக் குறிவச்சு ஒரு பட்டனை அமுக்கினா பாஸிம் மாயமா மறைஞ்சு மறைஞ்சு குத்துறான். பழசைக் கேட்டவங்களுக்கு அது எப்படிப் பிடிச்சதுன்னு எனக்கு இன்னிக்கும் புரியலை.

வைக்கோல்_வண்டி

எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கருவூலக்காரியைக் கொல்ல ஏலக்கூடத்துக்குள் நுழைகிற மிஷனுக்காக மன்னித்தேன்.

சரி, ஒரு போட்டி. மெனுவைத் திறக்காமல், இணையத்தில் தேடாமல், உங்களுக்குப் பிடித்த பாகத்தில் நீங்கள் கொன்ற ஐந்து பேர் சொல்லுங்கள். எது கொலையைச் சுற்றிக் கட்டிய கேம், எது மேப் என்று தெரிந்துவிடும்.

ஷிஃப்ட்_முடிஞ்சு

ரெண்டாம் பாகம்: உபெர்ட்டோ, வியெரி, பிரான்செஸ்கோ பாஸி, எமிலியோ பார்பரிகோ, மார்கோ பார்பரிகோ. கடைசி ஆளை வெனிஸ் திருவிழாவுல, வாணவேடிக்கை வெடிக்கிற சத்தத்தோட சேர்த்துச் சுடணும். சத்தம் தப்பினா மாட்டினோம்.

நிழல்_தின்னி

பாஸ், எனக்கு வரலை.

கெஃபலோனியாக்காரி

எல்பினோர், மொங்கர், க்ளியோன், டெய்மோஸ். அஞ்சாவது ஆள் கடைசியில வாற ஆள், பேர் சொன்னா விளையாடாத ஆக்களுக்குக் கதை போயிடும். நான் டெய்மோஸைக் கொல்லேல்ல, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான், அதையும் கணக்கில எடுங்கோ.

இப்ப என்ர முறை. அந்த ஒன்பது பேரையும் சொல்லுங்கோ பாப்பம் அண்ணை.

வைக்கோல்_வண்டி

தமீர். கார்னியே. தலால். அபுல் நுகூத். மாண்ட்ஃபெராட் வில்லியம். மஜ்த் அத்தீன். சிப்ராண்ட். ஜுபைர். ராபர்ட் டி சேப்ளே.

கூரைமேல்_நான்

கூகுள் பார்க்கலதானே?

சந்து_முனை

இதில் ஜுபைர் யார்? டமாஸ்கஸில் புத்தகங்களை எல்லாம் குவித்து எரிப்பானே, அவனா? ஒரே மாதிரி உடையில் ஆட்களை ஊர் முழுக்க அனுப்பிவிட்டு நம்மைக் குழப்புவான். பேர் மறந்தே போய்விட்டது. அந்த நெருப்பு ஞாபகம் இருக்கிறது.

கெஃபலோனியாக்காரி

எனக்கும் அந்தக் குடும்பத்தின்ர பேர் தெரியாது.